மூன்று கடுவனில் எது? லாப்ரடார் பெட்டைக்கு இணை தேர்வு

மஞ்சள்வால்:

வணக்கம். மூன்று வயது மஞ்சள் லாப்ரடார் பெட்டை, முதல் ஈத்து. அடுத்த ஹீட்டில் (சேர்க்கைக்குத் தயாராகும் பருவம்) சேர்க்க உத்தேசம், இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. காகிதத்தில் இருப்பதை அப்படியே போடுகிறேன், எங்கே ஓட்டை என்று சொல்லுங்கள்.

பெட்டை: இடுப்பு எக்ஸ்ரேயில் எஃப்.சி.ஐ. (சர்வதேச நாய் அமைப்பு) தரம் பி (ஏ சிறந்தது, ஈ மோசம்), முழங்கை இரண்டும் 0 (பழுதில்லை). பி.ஆர்.ஏ. என்ற விழித்திரை நோய்க்குக் கேரியர், அதாவது பழுதான பிரதி ஒன்றைச் சுமக்கிறது (பி.ஆர்.சி.டி. வகை); ஓடினால் பின்கால் துவளும் ஈ.ஐ.சி. நோய்க்குக் கிளியர், அதாவது பழுதான பிரதி இல்லை. தலை, வால் இரண்டும் நன்று, உள்ரோமம் அடர்த்தி. குறை தோளில்தான்: நிமிர்ந்த தோள், முன்நெஞ்சு தட்டை, ஓடும்போது முன்கால் எட்டிப் போடாது. அதன் தாய்க்கும் இதே குறை. ஆட்களிடம் நல்ல குணம், சத்தத்துக்கு மிரளாது.

முதல் கடுவன்: சாம்பியன், மஞ்சள், இடுப்பு ஏ, முழங்கை 0, பி.ஆர்.ஏ. கிளியர், ஈ.ஐ.சி. கேரியர். இதன் அப்பாவும் என் பெட்டையின் தாயைப் பெற்ற கடுவனும் ஒரே நாய்.

இரண்டாவது: சாக்லேட், ஐந்து தலைமுறையில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இடுப்பு ஏ, முழங்கை 0, ஈ.ஐ.சி. கிளியர், பி.ஆர்.ஏ. கேரியர். முன்பக்கமும் பின்பக்கமும் கோணம் மிக அதிகம், நின்றால் பின்கால் எங்கோ தள்ளி நிற்கும்.

மூன்றாவது: கறுப்பு, ஆறு வயது, பட்டம் எதுவும் இல்லை. இடுப்பு பி, முழங்கை 0, டி.என்.ஏ. சோதனை இரண்டுமே கிளியர். தோள் நன்று, தலை சுமார், வால் கொஞ்சம் நீளம். நான்காம் தலைமுறையில் இரு பக்கமும் ஒரு பொது மூதாதை. ஏற்கெனவே மூன்று ஈத்துக்குத் தகப்பன்.

சந்தேகங்கள்: கேரியரை இனவிருத்திக்கு விடலாமா? முதல் கடுவனோடு உள்ள உறவு ரொம்ப நெருக்கமா? நிமிர்ந்த தோளுக்கு, கோணம் கூடுதலான இரண்டாவதைப் போட்டால் குட்டி நடுவில் வந்து நிற்குமா?

பழையதடம்:

மூணு நாயைப் பத்தி எழுதிருக்கீங்க. மூணு குடும்பத்தைப் பத்தி ஒரு வரி இல்ல. அதுக்கு அப்புறம் வரேன், முதல்ல கடைசிக் கேள்வி.

எல்லாம் நடுவுல வராது. தோள்பட்டை எலும்பு, மேற்கை எலும்பு, ரெண்டோட நீளம், சாய்வு எல்லாம் பல மரபணு சேர்ந்து செய்யுற வேலை. சாயம் கலக்குற மாதிரி கலந்து ஒரே நிறம் ஆகாது. எட்டுக் குட்டி வந்தா ரெண்டு அம்மா மாதிரி நிமிர்ந்து நிக்கும், ரெண்டு அப்பா மாதிரி மிகையா இருக்கும். மோசமானது என்னன்னா ரெண்டு மூணு குட்டிக்கு முன்பக்கம் அம்மாவோடது, பின்பக்கம் அப்பாவோடது. பின்கால் தள்ளுற வேகத்துக்கு முன்கால் எட்டாது, அதனால முன்பாதத்தைத் தூக்கித் தூக்கிப் போடும், இல்லன்னா பக்கவாட்டுல கோணிக்கிட்டு ஓடும். அந்தக் குட்டி ரெண்டு பெத்தவங்களையும் விட மோசம். ஒரு குறைக்கு மருந்து எதிர்க் குறை இல்ல. சரியான தோளுக்குத்தான் நிமிர்ந்த தோளைக் கொடுக்கணும்.

"சரியான தோள்"னு யாரோ சொன்னதை நம்பாதீங்க, அளந்து பாருங்க. நாயைச் சமதளத்துல நிறுத்தி, தரையிலிருந்து முன்கால் நேரா செங்குத்தா இருக்குற மாதிரி வைங்க. விரலால தடவினா மூணு இடம் தட்டுப்படும்: தோள்பட்டை எலும்போட உச்சி, முன்பக்கம் துருத்தி நிக்குற தோள்முனை, முழங்கை. மூணுலயும் சின்னதா ஒட்டுத்தாள் ஒட்டி, கேமராவைத் தோள் உயரத்துக்கே இறக்கி, பக்கவாட்டுல படம் எடுங்க. உச்சிக்கும் முனைக்கும் உள்ள தூரமும், முனைக்கும் முழங்கைக்கும் உள்ள தூரமும் கிட்டத்தட்டச் சமமா இருக்கணும். உச்சியிலிருந்து நேர்கோடு இறக்கினா அது முழங்கையைத் தொடணும், இல்ல சற்று முன்னால விழணும். கோடு முழங்கைக்கு நல்லா பின்னால விழுந்தா முன்கால் கழுத்துக்குக் கீழ நிக்குதுன்னு அர்த்தம், முன்நெஞ்சு தட்டையா தெரியுறதும் அதனாலதான். பல பேர் தோள்பட்டையை மட்டும் பார்ப்பாங்க. லாப்ரடார்ல அடிக்கடி குட்டையா வர்றது மேற்கை. உங்க பெட்டைக்குக் கோளாறு எதுலன்னு முதல்ல தெரிஞ்சுக்கணும், அப்போதான் கடுவன்கிட்ட எதைத் தேடணும்னு தெரியும்.

கேமராவை நின்ன உயரத்துலயே வெச்சு மேலயிருந்து எடுத்த படத்துல எல்லா நாய்க்கும் தோள் நல்லாதான் தெரியும். விளம்பரப் படம் பாதிக்கு மேல அந்த ரகம்.

இப்போ முதல் கடுவன். தாய்க்கும் இதே தோள்னு நீங்களே எழுதிட்டீங்க. தாயோட அப்பன்தான் பொது மூதாதை. அந்தத் தாத்தாவோட பழைய பக்கவாட்டுப் படம் ஏதாவது கிடைச்சா அதே கோட்டைப் போட்டுப் பாருங்க. குறை அவன்கிட்டயிருந்து வந்திருந்தா, அவனையே ரெண்டு பக்கமும் வெச்சு சேர்க்குறது தலையையும் வாலையும் நிலைநிறுத்துற மாதிரியே தோளையும் நிலைநிறுத்திடும். அப்புறம் அதை வெளியேத்த மூணு தலைமுறை ஆகும்.

மரபுக்கணக்கு:

முதல் இரண்டு சந்தேகங்களுக்குக் கணக்கோடு பதில்.

பி.ஆர்.ஏ.வின் இந்த வகையும் ஈ.ஐ.சி.யும் ஒடுங்கு மரபுடையவை. பழுதான பிரதி இரண்டு இருந்தால்தான் நோய், ஒன்று மட்டும் இருந்தால் கேரியர். அந்த நாய்க்குப் பார்வை போகாது, ஓடினால் பின்கால் துவளாது. கேரியரும் கிளியரும் சேர்ந்தால் ஒரு குட்டிக்கும் நோய் வராது. ஒவ்வொரு குட்டியும் கேரியராகும் வாய்ப்பு 50%. எட்டில் சரியாக நான்கு வரும் என்று எண்ண வேண்டாம், ஒவ்வொரு குட்டிக்கும் தனித்தனியாகக் காசு சுண்டுவது போலத்தான். கேரியரோடு கேரியரைச் சேர்த்தால் ஒவ்வொரு குட்டியும் பாதிக்கப்படும் வாய்ப்பு 25%. எட்டுக் குட்டி ஈத்தில் ஒன்றாவது பாதிக்கப்படும் வாய்ப்பு 90%. எனவே உங்கள் பெட்டைக்கு இரண்டாவது கடுவன் இத்தோடு முடிந்தது, தோளைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. அதே கடுவன் பி.ஆர்.ஏ. கிளியரான இன்னொரு பெட்டைக்குத் தாராளமாகப் போகலாம்.

முதல் கடுவன் ஈ.ஐ.சி. கேரியர், உங்கள் பெட்டை கிளியர், பி.ஆர்.ஏ.வில் இவள் கேரியர், அவன் கிளியர். டி.என்.ஏ. பக்கம் தடை இல்லை. சில குட்டிகள் இரண்டுக்கும் கேரியராகப் பிறக்கும், வைத்துக்கொள்ளப் போகும் குட்டியைச் சோதித்துவிட்டால் போதும்.

கேரியரை எல்லாம் ஒதுக்கிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு பசென்ஜி இனம்தான் பதில். பைருவேட் கைனேஸ் குறைபாட்டால் வரும் சோகை நோய்க்காக அங்கே கேரியர்களையும் சேர்த்து விலக்கினார்கள். சோகை குறைந்தது. மிஞ்சிய சிறு கூட்டத்தில் ஃபேன்கோனி என்ற சிறுநீரகக் கோளாறும் விழித்திரை நோயும் தலைதூக்கின. புது ரத்தம் வேண்டும் என்று 1990இல் அமெரிக்கன் கென்னல் கிளப் பதிவேட்டைத் திறந்து ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த நாய்களைச் சேர்க்க வேண்டியதாயிற்று. நல்ல கேரியரை கிளியரோடு சேர்த்து, அடுத்த தலைமுறையில் கிளியர் குட்டியை எடுத்துக்கொள்வதே முறை. ஒரே தலைமுறையில் மரபணு வெளியே போய்விடும், நாயின் மற்ற நல்லவை தங்கிவிடும்.

உறவுக் கணக்கு. பொது மூதாதை குட்டியின் பெடிகிரியில் (வம்ச அட்டவணையில்) அப்பா பக்கம் இரண்டாம் தலைமுறையிலும் அம்மா பக்கம் மூன்றாம் தலைமுறையிலும் வருகிறது. உள்ளுறவின் அளவைச் சொல்லும் ரைட் சூத்திரப்படி 6.25%. ஒப்பிட்டுக்கொள்ள: உடன்பிறந்தவை சேர்ந்தாலும் தகப்பன்-மகள் சேர்ந்தாலும் 25%, ஒரு பெற்றோர் மட்டும் பொதுவான அரை உடன்பிறப்பு 12.5%. மூன்றாவது கடுவனோடு நான்குக்கு நான்கு, அதாவது 0.78%. இரண்டு எச்சரிக்கை. பொது மூதாதையே உள்ளுறவில் பிறந்தவன் என்றால் எண் இன்னும் ஏறும். ஐந்து தலைமுறைக்குப் போட்ட கணக்கையும் பத்துத் தலைமுறைக்குப் போட்ட கணக்கையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. ஆழம் கூடக்கூட எண்ணும் கூடும். ஒரே ஆழத்தில் மூன்று கடுவனுக்கும் போடுங்கள், இனத்தின் சராசரி அதே ஆழத்தில் எவ்வளவு என்று பாருங்கள், அதற்குக் கீழே நில்லுங்கள். டி.என்.ஏ.விலிருந்து நேரடியாகக் கணக்கிடும் வசதி இருந்தால் அதுவே மேல். ஒரே ஈத்தில் பிறந்த இரு குட்டிகளுக்குக் காகிதத்தில் ஒரே எண் வரும், உண்மையில் அப்படி இருப்பதில்லை.

எண் ஏறினால் முதலில் அடிபடுவது காதோ வாலோ அல்ல. ஈத்தில் குட்டி எண்ணிக்கை குறையும், பிறப்பு எடை குறையும், முதல் வாரச் சாவு கூடும், பெட்டை சினை பிடிக்காமல் போகும். மெல்லத்தான் நடக்கும் என்பதால் ஒவ்வொரு ஈத்துக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடும்.

வளையக்காரர்:

6.25%க்கு இவ்வளவு பயமா? டைப், அதாவது இனத்தோட தனிச்சாயல், எப்படி உருவாச்சுன்னு நினைக்கிறீங்க? லைன் ப்ரீடிங் (ஒரு நல்ல மூதாதையை ரெண்டு பக்கமும் வெச்சு சேர்க்குறது) இல்லாம எந்த இனமும் இன்னிக்கு இருக்குற சாயலுக்கு வந்திருக்காது. அப்பாவோட அப்பா, அம்மாவோட தாய்வழித் தாத்தாவா வரணும்ங்கறது பழைய ப்ரீடர்கள் எல்லாரும் கையாண்ட சூத்திரம், இந்த ஜோடி அதுக்கு அச்சு அசலாப் பொருந்துது. அவுட்கிராஸ் (உறவில்லாத நாயோட சேர்க்குறது) போட்டா ஈத்துல எட்டுக் குட்டியும் எட்டு ஜாடை. அதுல எதை வெச்சு அடுத்த தலைமுறை பண்ணுவீங்க?

பழையதடம்:

வளையக்காரர் சார், சூத்திரம் தப்புன்னு நான் சொல்லல. யார் மேல அந்தச் சூத்திரத்தைப் போடுறோம்ங்கறதுதான் கேள்வி. எந்த மூதாதை மேல லைன் கட்டுறோமோ அவன் தனியா நல்லவனா இருந்தாப் போதாது, கூடப் பிறந்தவங்க நல்லா இருக்கணும், வேற வேற பெட்டைக்குப் பிறந்த குட்டிங்க வயசாகியும் நல்லா இருக்கணும். இங்க அந்தத் தாத்தா பேர்ல ஏற்கெனவே ஒரு தோள் கேஸ் இருக்கு.

எட்டு ஜாடை விஷயம் பாதி உண்மை. உறவு இல்லாம ஆனா உருவத்துல ஒத்த ரெண்டு நாயைச் சேர்க்கலாம்ல? ஒரே உயரம், ஒரே எலும்புக் கனம், ஒரே ரோமம், ஒரே குணம். பெடிகிரி மட்டும் வேற. குட்டிங்க ஒண்ணுக்கொண்ணு நல்லாவே ஒத்து வரும். லைன் ப்ரீடிங் அளவுக்கு இறுக்கமா இருக்காது, ஆனா பலவகை மரபணு உள்ள தங்கும். பெட்டையோட கனம், உயரம், தலை அகலம் எல்லாத்துலயும் தூரமா இருக்குற நாயைத் "தோள் மட்டும் நல்லாருக்கு"ன்னு கொண்டு வந்தாதான் எட்டு ஜாடை. ஒரு ஈத்துக்கு ஒரு குறை, அதிகம் போனா ரெண்டு. அதுக்கு மேல திருத்தப் போனா ஒண்ணும் நிக்காது.

டைப்னு சொல்றப்போ ஒண்ணு. லாப்ரடாருக்கு டைப்னா அகலத் தலை மட்டும் இல்ல. அடியில தடிச்சு நுனிக்குக் குறையுற நீர்நாய் வால், தண்ணி ஏறாத ரெட்டை ரோமம், நீளத்துக்கும் உயரத்துக்கும் உள்ள அளவு, அந்த நிதானமான குணம். தூரத்துல நிழலாத் தெரிஞ்சாலே இனம் புரியணும். கண்காட்சி வளையத்துல ஜெயிக்கிற நாய் வருஷத்துக்கு வருஷம் கனத்துக்கிட்டும் கால் குட்டையாகிட்டும் போனா, ஸ்டாண்டர்டுல (இனத்துக்கு எழுதி வெச்ச வரையறை) ஒரு எழுத்து மாறாமலே இனம் நகர்ந்துடும். இது குட்டை மூக்கு இனங்களுக்கு எங்க கொண்டு போய் விட்டுச்சுன்னு தெரியும். மூச்சு எப்படி வருதுன்னு 0 முதல் 3 வரை தரம் போடுற திட்டத்தையே பிரிட்டன் கென்னல் கிளப்பும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் 2019ல கொண்டு வர வேண்டி வந்துச்சு.

மரபுக்கணக்கு:

இன்னொரு கணக்கு, முதல் கடுவனைப் பற்றி. சாம்பியன் என்றால் பலரும் அவனிடம்தான் வருவார்கள். ஒரு கடுவனின் குட்டிகள், ஐந்து ஆண்டுகளில் அந்த இனத்தில் பதிவாகும் மொத்தக் குட்டிகளில் 5%ஐத் தாண்டக் கூடாது என்பது எஃப்.சி.ஐ. பரிந்துரை. அவனிடம் ஒளிந்திருக்கும், இன்னும் சோதனை கண்டுபிடிக்கப்படாத ஒடுங்கு மரபணு ஒன்று பத்தாண்டில் இனம் முழுக்கப் பரவிவிடும். பேரன் பேத்திகள் ஒன்றோடொன்று சேரும்போதுதான் அது வெளியே வரும். பெட்டையால் இந்தச் சேதத்தைச் செய்ய முடியாது, அவளுக்கு வாழ்நாளில் மூன்று நான்கு ஈத்துதான்.

அளவுக்கு மீறி நெருங்கியதை அமைப்புகளே நிறுத்தியும் இருக்கின்றன. தகப்பன்-மகள், தாய்-மகன், முழு உடன்பிறப்பு ஜோடிகளின் குட்டிகளை பிரிட்டனின் கென்னல் கிளப் 2009 முதல் பதிவதில்லை.

வெளிரத்தம் கொண்டுவந்தால் டைப் போய்விடும் என்ற பயத்துக்கு டால்மேஷனைப் பாருங்கள். அந்த இனத்தில் எல்லா நாய்க்குமே யூரிக் அமிலக் கோளாறு, சிறுநீர்க்கல் வரும் வழி. நல்ல பிரதி உள்ளே ஒன்றுகூட இல்லாதபோது தேர்ந்தெடுத்து நீக்க வழியே இல்லை. 1973இல் ஒரே ஒரு முறை பாய்ண்டர் நாயோடு சேர்த்து, பிறகு தலைமுறைதோறும் டால்மேஷனுக்கே திருப்பினார்கள். முதல் கலப்பில் பாய்ண்டர் பங்கு 50%. ஐந்து முறை திருப்பினால் 1.6%க்கும் கீழே. நல்ல மரபணுவை மட்டும் ஒவ்வொரு முறையும் சோதித்துக் கைப்பிடித்து வந்தார்கள். 2011இல் அமெரிக்கன் கென்னல் கிளப் இந்த வழியைப் பதிவேட்டில் ஏற்றது. தூரத்திலிருந்து பார்த்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

மஞ்சள்வால்:

நன்றி. குடும்ப விவரம் கேட்டு வாங்கினேன்.

பெட்டையின் ஈத்தில் ஒன்பது. ஐந்துக்கு எக்ஸ்ரே: ஒரு ஏ, மூன்று பி, ஒரு சி. முதல் கடுவன் ஈத்தில் ஏழு; இவனையும் இன்னொன்றையும் தவிர யாருக்கும் எக்ஸ்ரே இல்லை, அந்த இன்னொன்று டி. இவன் குட்டிகள் நூறுக்கு மேல், முடிவு கிடைத்தது ஒன்பதுக்குத்தான்; மூன்று சி அல்லது அதற்கும் கீழே. மூன்றாவது கடுவன் ஈத்தில் எட்டு. ஆறுக்கு எக்ஸ்ரே, நான்கு ஏ, இரண்டு பி. அவன் குட்டிகள் 22. 14க்கு எக்ஸ்ரே, பன்னிரண்டு ஏ அல்லது பி, இரண்டு சி. ஒரு ஈத்தில் ஒரு ஆண் குட்டிக்கு ஒரு விரை இறங்கவில்லை. தாத்தா படத்தில் கோடு முழங்கைக்குப் பின்னால்தான் விழுகிறது. என் பெட்டைக்கு அளந்ததில் குட்டையாக இருப்பது மேற்கை.

இடுப்பு ஏ வாங்கிய நாயை விட்டுவிட்டு பி வாங்கியதை எடுப்பதா?

பழையதடம்:

ஆமா, பி வாங்கினதைத்தான். எக்ஸ்ரே காட்டுறது அந்த ஒரு நாயோட இடுப்பை. அது எதைக் கடத்தும்ங்கறதைக் கூடப் பிறந்ததும் குட்டிங்களும்தான் காட்டும். இடுப்புத் தரத்துல மரபோட பங்கு கால்வாசியிலிருந்து மூணுல ஒரு பங்குன்னு வெச்சுக்கலாம். மிச்சம் வளர்ச்சி வயசுல உடல் எடை, தீனி, வழுக்குற தரை எல்லாம். சுத்தி டியும் சியும் இருக்குற ஏ, அதிர்ஷ்ட ஏ. ஆறு பேரும் நல்லாருக்குற வீட்டு பி, நம்பகமான பி. நூறு குட்டியில ஒன்பதுக்குத்தான் முடிவு வெளிய வந்திருக்குன்னா, வராத தொண்ணூத்துச் சொச்சத்தையும் யோசிங்க. நல்ல படத்தை யாரும் ஒளிச்சு வைக்க மாட்டாங்க.

இறங்காத விரையை மட்டும் லேசா விடாதீங்க. ஆண்ல மட்டும் வெளிய தெரியுற குறை, ஆனா தாயும் சுமப்பா. அந்த ஒரு ஈத்துல வந்துச்சுன்னா அந்தத் தாயும் பங்கு கொடுத்திருக்கா. உங்க பெட்டையோட அண்ணன் தம்பிங்க, அவ தாயோட கூடப் பிறந்த ஆண்கள் எல்லாருக்கும் ரெண்டும் இறங்கியிருக்கான்னு கேளுங்க. ஒருத்தருக்கு இல்லன்னாலும் இந்த ஜோடியை மறுபடி யோசிக்கணும். எல்லாருக்கும் சரின்னா போகலாம். இந்த ஈத்துல எந்த ஆண் குட்டியையும் எட்டு வாரத்துல தடவிப் பார்த்து எழுதி வைங்க.

மூணாவது கடுவனை நேர்ல போய்ப் பாருங்க, கூடவே வர்ற ஆள் கையில கயிறு இல்லாம. புது இடத்துல விடுங்க, பின்னாடி ஒரு தகரத்தைப் போடுங்க. திடுக்கிட்டா பரவாயில்ல, பத்து விநாடியில திரும்பி வந்து மோந்து பார்க்குதா? மேற்கையை அளங்க, நீளம் இருக்கணும். தலை சுமார்னு எழுதிருக்கீங்க; உங்க பெட்டைக்குத் தலை இருக்கு, அவனோடது மோசமில்லாம சுமாரா இருந்தாப் போதும். கறுப்போட மஞ்சள் சேர்றதுல நிறமிக்கும் பெரும்பாலும் பிரச்சனை இல்ல. சாக்லேட்டுக்குப் போட்டு, அவன் மஞ்சள் மரபணுவையும் பெட்டை பழுப்பு மரபணுவையும் சுமந்திருந்தா, மூக்கு ஈரல் நிறத்துல மஞ்சள் குட்டி வர வாய்ப்பு இருந்திருக்கும்.

குட்டி எடுக்கும்போது இந்த ஈத்து எதுக்குப் போட்டோம்ங்கறதை மறந்துடாதீங்க. எட்டு வாரத்துல மேசை மேல வழுக்காத விரிப்புப் போட்டு ஒவ்வொண்ணா நிறுத்திப் பக்கவாட்டுப் படம், அதே மூணு புள்ளி. அந்த வயசுல எலும்போட விகிதம் பெரியவனானப்புறம் வர்றதுக்கு ரொம்பக் கிட்ட இருக்கும். நாலு மாசத்துல எல்லாம் கோணல்மாணலாயிடும், அப்போ பார்த்துப் பிரயோஜனமில்ல. மேற்கை நீளமா வந்த பெண் குட்டி, பி.ஆர்.ஏ. கிளியர், மிரளாதது: இந்த மூணும் ஒண்ணா இருந்தா அதை வைங்க. அழகான முகத்துக்காக நிமிர்ந்த தோளை வெச்சீங்கன்னா ஒரு தலைமுறை வீண். மூணும் ஒண்ணா எந்தக் குட்டியிலயும் வரலன்னா எதையும் வைக்காம விடுறதும் ஒரு முடிவுதான்.

மத்த குட்டி எல்லாம் வெளிய போகும்போது, ஒன்றரை வயசுல இடுப்பும் முழங்கையும் எக்ஸ்ரே எடுத்து முடிவை அனுப்பணும்னு எழுதி வாங்குங்க, நல்லது கெட்டது ரெண்டையும். ஒரு நோட்டு போட்டு பிறப்பு எடை, தினசரி எடை, செத்துப் பிறந்தது, அண்ணம் பிளந்தது, தொப்புள் குடலிறக்கம், மேல்-கீழ்ப் பல் பொருந்துற விதம் எல்லாம் குறிங்க.

பிணைநேரம்:

ஜோடி முடிவாகிவிட்டது என்றால் மருத்துவப் பக்கம் சில சொல்கிறேன்.

புரூசெல்லா கேனிஸ் சோதனை இரண்டு நாய்க்கும், சேர்க்கைக்கு முந்தைய மாதத்துக்குள். கடுவன் ஏற்கெனவே மூன்று பெட்டைகளைச் சேர்ந்தவன் என்பதால் பழைய அறிக்கை செல்லாது. இந்தக் கிருமி பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில் கருவைக் கலைக்கும், விந்து வழியாகவும் போகும், ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் முழுதாகப் போகும் என்று நம்ப முடியாது, மனிதருக்கும் தொற்றும். உறைய வைத்த விந்து என்றாலும் இந்தச் சோதனையில் விலக்கு இல்லை.

கடுவனுக்கு விந்துப் பரிசோதனை: நேராக முன்னோக்கி நகர்பவை 70%க்கு மேல் இருக்க வேண்டும், உருவத்தில் பழுதில்லாதவையும் நல்ல பெரும்பான்மை வேண்டும். விந்தணு உருவாக ஏறக்குறைய 62 நாள் ஆகும். எனவே இரண்டு மாதம் முன்பு கடும் காய்ச்சல் வந்திருந்தால் இன்றைய முடிவில் அது தெரியும். அதை வைத்து நாயை ஒதுக்கிவிடாமல் இரண்டு மாதம் கழித்து மறுபடி பாருங்கள்.

நாள் எண்ணிச் சேர்க்காதீர்கள். ரத்தம் கண்ட 11ஆம் நாள், 13ஆம் நாள் என்ற பழக்கத்தில்தான் "பெட்டை சினை பிடிக்கவில்லை" என்ற புகார் அதிகம் வருகிறது. ஏழாம் நாளிலும் முட்டை வெளிவரும் பெட்டை உண்டு, 20ஆம் நாளுக்குப் பிறகு வருவதும் உண்டு. ஐந்தாறாம் நாளில் தொடங்கி இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் அளவு பாருங்கள். மில்லிலிட்டருக்கு 2 நானோகிராம் தொட்டால், முட்டையை வெளிவரத் தூண்டும் எல்.எச். ஹார்மோனின் எழுச்சி, அதிலிருந்து சுமார் இரண்டு நாளில் முட்டை வெளிவரும், அப்போது அளவு 5க்கு அருகில் இருக்கும். நாயின் முட்டை வெளிவந்தவுடன் கருவுறத் தயாராக இருக்காது, முதிர இன்னும் இரண்டு நாளாவது வேண்டும். எனவே நேரடிச் சேர்க்கை முட்டை வெளிவந்த இரண்டாம் நாள் ஒரு முறை, நான்காம் நாள் ஒரு முறை. பிணைந்து நிற்பது ஐந்து நிமிடமும் ஆகலாம், அரை மணியும் ஆகலாம். இழுத்துப் பிரிக்கக் கூடாது, இரண்டையும் பிடித்துக்கொண்டு நின்றால் போதும். ஈனும் நாள் முட்டை வெளிவந்த நாளிலிருந்து 63, ஒரு நாள் முன்பின். சேர்க்கை நாளிலிருந்து எண்ணினால் 57க்கும் 72க்கும் இடையில் எங்கும் விழும், சிசேரியன் முடிவுக்கு அந்தக் கணக்கு உதவாது.

மற்ற இனத்தவர்களும் படிப்பதால் ஒரு வரி: மெர்ல் நிறத்தோடு (ரோமத்தில் வெளிறிய திட்டுத்திட்டான நிறம்) மெர்ல் நிறத்தைச் சேர்த்தால் காதும் கண்ணும் பழுதான குட்டி வரலாம். சிவப்பு, மஞ்சள் நாயில் மெர்ல் வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கும், மரபணுச் சோதனை இல்லாமல் "இது மெர்ல் இல்லை" என்று சொல்ல முடியாது.

மஞ்சள்வால்:

நான்கு மாதம் கழித்து வருகிறேன். பெட்டையின் அண்ணன் தம்பிகள், தாயின் கூடப் பிறந்த ஆண்கள் எல்லாருக்கும் இரண்டும் இறங்கியிருக்கின்றன. கடுவனின் மேற்கை அளவு சரி, தகரச் சத்தத்துக்குத் திரும்பி வந்து மோந்து பார்த்தான். புரூசெல்லா இரண்டுக்கும் நெகட்டிவ்.

இன்று ஹீட்டின் ஒன்பதாம் நாள். புரோஜெஸ்டிரோன் அறிக்கை 14.8 என்று வந்திருக்கிறது. முந்தாநாள் 6.1. அப்படியென்றால் முட்டை வெளிவந்து நாளாகிவிட்டதா? இன்று இரவே கிளம்பவா?

பிணைநேரம்:

கிளம்பாதீர்கள். அறிக்கையில் எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அலகு இருக்கிறது என்று பாருங்கள். நானோமோல் என்று இருந்தால் 3.18ஆல் வகுக்க வேண்டும்: முந்தாநாள் 1.9, இன்று 4.65 நானோகிராம். இரண்டு நாள் இடைவெளியில் இந்த ஏற்றம் கச்சிதமாகப் பொருந்துகிறது, முட்டை இன்றோ நாளையோதான் வெளிவரும். நாளை இன்னொரு ரத்தம் எடுங்கள், அதே ஆய்வகத்தில். இயந்திரம் மாறினால் எண்ணும் மாறும். ஏறியிருப்பது உறுதியானால் இன்றிலிருந்து மூன்றாம் நாள் முதல் சேர்க்கை, இரண்டு நாள் விட்டு இன்னொன்று. நானோகிராம் என்றே இருந்தால் உடனே எழுதுங்கள், கணக்கு வேறு.

மஞ்சள்வால்:

நானோமோல்தான். நாளை காலை ரத்தம் எடுக்கிறேன்.